இலத்திரன் நடன இசையும் ஒலிக்கலப்பும்

இசையமைத்தல் என்பது ஒரு காலத்திலே பல கலைஞரையும் பெரும் பொருளையும் வேண்டிநின்ற முயற்சியாகும். பாடுவோர், பக்கவாத்தியக்காரர், ஒலிப்பதிவுக்கூடம், அதனை இயக்கும் நிபுணர் ஆகிய இத்துணைப் பேரும் ஒருங்கு கூடினாலன்றி ஓர் இசைத்தட்டு வெளிவருதல் அரிது. இன்றோ மேல்வகுப்பு மாணவன் ஒருவன் தன் வீட்டறையிலே ஒரு கணினியையும் ஒரு ஹெட்போனையும் மாத்திரம் துணையாகக் கொண்டு, முழவும் யாழும் குழலும் செய்யும் தொழில் அனைத்தையும் தானே செய்துவிடுகின்றான். எமது மாணவர் சிலர் இம்முயற்சியிலே, சிறப்பாக இலத்திரன் நடன இசை எனப்படும் துறையிலே, ஈடுபட்டிருத்தலை ஆசிரியர் பலரும் அறிவர். பரீட்சைக் காலத்திலும் அது கைவிடப்படுவதில்லை என்பது பெற்றோர் முறைப்பாடு. அம்முறைப்பாடு வேறொரு கட்டுரைக்கு உரியது.

இவ்விளைஞர் யாவரும் வந்து முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. தனித்தனியே கேட்குமிடத்து அவர் தெரிந்தெடுத்த ஒலிகள் யாவும் நன்றாகவே இருக்கின்றன. கிக் எனப்படும் முழவடி திண்ணென்று விழுகின்றது. பேஸ் எனப்படும் கீழ்ச்சுர வரிசை நிறைவாக ஒலிக்கின்றது. சிந்தசைசரின் சுரக்கூட்டு இனிக்கின்றது. அனைத்தையும் ஒருங்கு சேர்த்தவுடனே இசை சேறாகிவிடுகின்றது. முழவடி மெலிகின்றது; சுரங்கள் ஒன்றையொன்று விழுங்குகின்றன; காது விரைவிலே களைத்துப்போகின்றது. வல்லுநர் ஒருவரின் படைப்போடு ஒப்பிடுகையில் தன்னுடையது போர்வைக்குள்ளிருந்து ஒலிப்பதுபோலத் தோன்றுவதைக் கண்டு இளைஞன் மனந்தளர்கின்றான். விலையுயர்ந்த கருவிகள் தன்னிடம் இல்லாமையே காரணமென எண்ணிச் சிலர் கடன்பட்டு அவற்றை வாங்குகின்றனர். வாங்கவியலாதார் முயற்சியையே விட்டுவிடுகின்றனர். இவ்விரு முடிவுகளும் பிழையான ஓர் எண்ணத்தின் வழி வந்தவை. கலக்கத்திற்குக் காரணம் பெரும்பாலும் கருவியிலே இல்லை. செவியின் இயல்பிலே உள்ளது. அவ்வியல்பை அறிந்து, எவ்வொலி எவ்வொலிக்கு எப்பொழுது இடங்கொடுத்தல் வேண்டும் எனத் துணிதலே மிக்சிங் எனப்படும் ஒலிக்கலப்பின் சாரமாகும்.

கருவியின் விலை இத்துறையிலே தலைமையானதன்று என்பதற்கு இவ்விசையின் வரலாறே சான்று. ஹவுஸ் என வழங்கும் நடன இசை அமெரிக்காவிலே சிக்காகோ நகரிற் பிறந்தது. 1977ஆம் ஆண்டிலே அங்கு தொடங்கிய வெயர்ஹவுஸ் என்னும் நடனமன்றத்தில் இசைத்தட்டுகளை இடையறாது இணைத்து ஒலிக்கச் செய்தவர் பிராங்கி நக்கிள்ஸ் என்பவர். அம்மன்றப் பெயரின் ஈற்றுப்பகுதியே அவ்விசைக்கும் பெயராயிற்று என்பர். யப்பானிய ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட ரீ.ஆர். 808, 1983இல் வெளியிட்ட ரீ.ஆர். 909 என்னும் முழவுப்பொறிகள் மெய்யான முழவுபோல ஒலிக்கவில்லை எனப் பலராலும் ஒதுக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் அவற்றின் உற்பத்தியும் நின்றுபோயிற்று. கைமாறிய பொருளாக மலிந்த விலைக்குக் கிடைத்த அப்பொறிகளே சிக்காகோவிலும் டிற்றோயிற்றிலும் வாழ்ந்த வசதி குறைந்த இளைஞர் கைக்கு எட்டின. அவற்றின் செயற்கை ஒலியே புதிய இசையின் அடையாளமாயிற்று. பின்னர் 1997இல் பிரான்சு தேசத்து டாஃப்ட் பங்க் இருவர் உலகப் புகழெய்திய தம் முதல் இசைத்தொகுதியைத் தோமஸ் பங்கால்ற்றரின் படுக்கையறையிலேயே பதிவுசெய்தனர். அதற்கு அவரிட்ட பெயர் ஹோம்வேர்க், அஃதாவது வீட்டுவேலை. ஆசிரியன் ஒருவனுக்கு இப்பெயர் இனிப்பதில் வியப்பில்லை.

இனி, இவ்விசையின் அமைப்பைச் சிறிது நோக்குவாம். நிமிடத்திற்கு 120 முதல் 130 வரை அடிகள் விழும். நான்கு அடி கொண்ட ஒவ்வோர் ஆவர்த்தத்திலும் நான்கு அடியிலும் கிக் தவறாது ஒலிக்கும். அதன் மேலே பேஸ் வரிசையும், அடிகளுக்கிடையே ஹை-ஹற் என்னும் தாள ஒலியும், அவற்றின் மேலே சுரக்கூட்டுகளும், சில வேளை மனிதக் குரலும் அமையும். ஆடுவோர் கால்களை இயக்குவன கிக்கும் பேசுமே. ஆகவே இவ்விசையின் பெரும்பகுதி வலு ஏறத்தாழ 40 ஹேர்ட்ஸ் முதல் 120 ஹேர்ட்ஸ் வரையுள்ள ஒடுங்கிய மீடிறன் வீச்சிலே குவிந்துகிடக்கின்றது. மனிதச் செவி கேட்கவல்ல எல்லை 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை என்பது பாடநூற் செய்தி. அத்துணை அகன்ற வீதியிலே இரு பெருந்தேர்கள் ஒரே மூலையில் நெருக்கி நிற்கின்றன என்று கொள்க.

ஓர் ஒலி மற்றோர் ஒலியைச் செவிக்குப் புலப்படாது மூடுதலை மறைப்பு என்பர். 1924ஆம் ஆண்டிலே வெகல், லேன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் இதனை அளந்து ஆராய்ந்து, இரண்டு செய்திகளை வெளிப்படுத்தினர். மீடிறனால் நெருங்கிய ஒலிகள் ஒன்றையொன்று மிகுதியாக மறைக்கும் என்பது ஒன்று. வலிய தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள ஒலிகளை எளிதில் மறைக்கும். உயர்ந்த ஒலி தாழ்ந்ததை அவ்வளவாக மறைப்பதில்லை என்பது மற்றையது. உட்செவியிலுள்ள மென்றகட்டிலே தாழ்ந்த ஒலியின் அசைவு, உயர்ந்த ஒலிகளுக்குரிய பகுதியைக் கடந்தே தன்னிடத்தைச் சென்றடைகின்றமையால் இது நிகழ்கின்றது. தொடக்கநிலையாளர் தம் இசைக்கு வலுவூட்ட எண்ணிப் பேசை உயர்த்துந்தோறும் ஏனை ஒலிகளெல்லாம் மங்குவதன் காரணம் இதுவே. மங்கினவற்றை மீட்க அவற்றையும் உயர்த்துவர், அப்பொழுது கிக் மங்கும், அதனையும் உயர்த்துவர். இவ்வாறு ஏணியில் ஏறி ஏறி எல்லாம் உச்சியில் நிற்கும், எதுவும் கேளாது.

கச்சேரியிலே நல்ல மிருதங்க வித்துவான் என்ன செய்கின்றார் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். பாடகர் கீழ்ஸ்தாயியில் மெல்லென இழைக்கும்போது அவர் இடந்தலையின் முழக்கத்தை அடக்கிவிடுகின்றார். பாடகர் விட்ட இடைவெளியிலே தம் சொற்கட்டை நிரப்புகின்றார். வலந்தலையை ஆதார சுருதிக்கு இசையச் சேர்த்த பின்பே வாசிக்கத் தொடங்குகின்றார். மிருதங்கத்தின் மேற்றொனிகள் ஏனைத் தோற்கருவிகளினது போலன்றிச் சுரத்தோடு இயைவன என்பதைச் சேர் சி. வி. இராமன் 1920ஆம் ஆண்டிலேயே விளக்கியுள்ளார். கணினியிலே இசையமைப்போனுக்கு இத்தகைய பக்கவாத்தியக்காரர் இல்லை. ஆதலின் அவர் செய்யும் மூன்று தொழிலையும், அஃதாவது சுருதி சேர்த்தல், அடக்குதல், இடைவெளி காத்தல் என்பவற்றை, அவனே செய்துகொள்ளல் வேண்டும்.

முதலிலே சுருதி. கிக்கின் ஒலி, கணத்திலே உயர்ந்த மீடிறனிலிருந்து சறுக்கி விழுந்து 50 அல்லது 60 ஹேர்ட்ஸை அண்மி அடங்குவது. அதற்கும் ஒரு சுரம் உண்டு. பாட்டின் ஆதார சுருதியோடு அது பகைக்குமாயின் எத்துணை வலுவான கிக்கும் வேற்றாள்போலவே தோன்றும். பொறியிலே சுருதியைச் சிறிது ஏற்றியோ இறக்கியோ இதனைச் சரிசெய்யலாம். அல்லது வேறொரு கிக்கைத் தெரிந்தெடுக்கலாம். தெரிவு செய்தல் திருத்துதலினும் சிறந்தது என்பது என் துணிபு. பொருந்தாத ஒலியைப் பத்துக் கருவியாற் பண்படுத்துவதிலும் பொருந்தும் ஒலியை அரைமணி நேரம் தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்து, கிக்கும் பேசும் ஒரே மீடிறனில் ஒருங்கு விழும்பொழுது நிகழ்வதை நோக்குவாம். இரண்டும் 55 ஹேர்ட்ஸில் ஒரே வீச்சத்தோடு ஒலிக்கின்றன எனக் கொள்வோம். அவற்றின் அவத்தை ஒன்றுபடுமாயின் வீச்சம் இரட்டிக்கும். அஃதாவது 6 தெசிபெல் உயரும். அவத்தை எதிராகுமாயின் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். சிந்தசைசரின் அலைவு ஒவ்வொரு சுரத்திலும் புதிதாய்த் தொடங்காது தன்போக்கில் ஓடிக்கொண்டிருக்குமாயின், ஓர் அடியில் அவத்தை கூடியும் மற்றோர் அடியில் மாறியும் நிற்கும். ஓரடி முழங்கும், அடுத்த அடி வெறுமையாகும். இளைஞன் தன் கிக்கைக் குறைகூறுவான்; கிக் குற்றமற்றது. ஒவ்வொரு சுரத்திற்கும் அலைவு ஒரே நிலையிலிருந்து தொடங்குமாறு சிந்தசைசரிலே ஒரு விசை பெரும்பாலும் இருக்கும். அதனை இட்டாலே பாதிக் கலக்கம் நீங்குவதுண்டு.

மீதியை நீக்குவது காலம். நிமிடத்திற்கு 128 அடி எனின் ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் இடைப்பட்ட காலம் 60 ஐ 128 ஆல் வகுக்க வருவது. ஏறத்தாழ 469 மில்லிசெக்கன். அதிற் பாதி 234 மில்லிசெக்கன். கிக் 200 மில்லிசெக்கனுக்குள் அடங்குமாறு அதன் வாலைக் குறுக்கிவிட்டு, பேசை இரண்டு அடிகளின் நடுவிலே விழவைத்தால், இரண்டும் ஒரே வீட்டிலே வேறு வேறு நேரத்தில் வசிப்பனவாகும். சண்டை இல்லை. கருவியும் வேண்டியதில்லை. ஹவுஸ் இசையிலே பேஸ் இவ்வாறு இடையடியில் அமைவதைப் பெரிதும் காணலாம்.

பேஸ் நீண்டு ஒலித்தே ஆகவேண்டிய பாட்டுக்குக் கொம்பிரசர் துணையாகும். குறித்த ஓர் எல்லையைக் கடக்கும் ஒலியைக் குறித்த விகிதத்தில் அடக்குவது அதன் தொழில். விகிதம் நான்குக்கு ஒன்று எனின், எல்லைக்கு மேலே 8 தெசிபெல் எழுந்த ஒலி 2 தெசிபெல்லாகக் குறைந்து வெளிவரும். வழக்கமாக ஒரு கொம்பிரசர் தன்னுள்ளே வரும் ஒலியின் அளவைப் பார்த்தே அதனை அடக்கும். பேசின் மேல் இருக்கும் கொம்பிரசரைக் கிக்கின் அளவைப் பார்த்து இயங்குமாறு இணைத்துவிட்டால், கிக் விழுந்தோறும் பேஸ் தானாகவே பணிந்து, கிக் அடங்கியதும் நிமிரும். இவ்விணைப்பைச் சைட்செயின் என்பர். நிமிரும் காலத்தைச் செவியாற் சரிபார்த்தல் வேண்டும். மேற்சொன்ன 234 மில்லிசெக்கனை அளவுகோலாக வைத்துத் தொடங்கலாம். மிகையாகப் பணியவைத்தால் இசை முழுவதும் மூச்சு வாங்குவதுபோலத் தோன்றும். எரிக் பிறிட்ஸ் 2004இல் வெளியிட்ட கோல் ஒன் மீ என்னும் படைப்பிலே அம்மூச்சே அழகாகக் கையாளப்பட்டுள்ளது. அழகை வேண்டிச் செய்தல் வேறு. அறியாது நேர்தல் வேறு.

கிக்கும் பேசும் உடன்பட்ட பின்பே ஏனையவற்றைச் சேர்த்தல் முறை. சுரக்கூட்டு, குரல், எதிரொலி முதலியவற்றிலும் தமக்கு வேண்டாத தாழ்ந்த மீடிறன்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். தனியே கேட்கும்போது அவை வெம்மையாய்த் தோன்றும். கூட்டத்திலே அவை சேற்றை மிகுவிக்கும். ஈக்குவலைசரிலே 100 அல்லது 150 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை வடித்துவிட்டால் கிக்குக்கும் பேசுக்கும் இடம் பிறக்கும். எல்லா ஒலியையும் ஒரே எல்லையில் வெட்டுதல் கூடாது. வெட்டும் எல்லையை மெல்ல உயர்த்திக்கொண்டு சென்று, முழுப் பாட்டிலே குறைவு புலப்படும் இடத்திலிருந்து சிறிது கீழிறக்கி நிறுத்துக. இந்தத் திருத்தங்களை ஒலியைத் தனிமைப்படுத்திக் கேட்டுச் செய்தலே தொடக்கநிலையாளரின் பெருங்குறை. தனியே அழகுபடுத்திய ஒலி கூட்டத்துக்கு உதவாது. கூட்டத்தில் நன்றாக ஒலிப்பது தனியே மெலிந்து கேட்கலாம். அது குற்றமன்று.

அளவு நிறுத்தல் பற்றியும் கூறுதல் வேண்டும். இலக்கமுறை ஒலியிலே பூச்சிய தெசிபெல் என்பது உச்சவரம்பு. அதற்கு மேல் ஒலி இல்லை. அலையின் முடி வெட்டுண்டு திரிபே உண்டாகும். தம்முள் தொடர்பில்லாத 20 ஒலிகளை ஒரே அளவிற் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 13 தெசிபெல் உயரும். இக்கணக்கை எண்ணாது ஒவ்வொரு தடத்தையும் உச்சிக்கு அருகே வைத்தால் கூட்டு வரம்பைக் கடந்து வழிதல் திண்ணம். இக்காலக் கணினி நிரல்கள் தமக்குள்ளே தாங்கிக்கொண்டாலும் வெளியே எழுதும்போது வெட்டுண்ணும். ஆகவே கிக்கை உச்சவரம்பிலிருந்து 10 தெசிபெல் அளவு தாழ்த்தி வைத்து, ஏனையவற்றை அதனை நோக்கிச் சேர்த்துக்கொண்டு வருக. எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு இவ்வளவு நிறுத்தலை மாத்திரம் ஒருமுறை செவ்வையாகச் செய்து பார்ப்பவன், தான் இட்டிருந்த கருவிகளிற் பல வேண்டாதவை எனக் காண்பான்.

உரத்துக் கேட்டுக்கொண்டு இத்தொழிலைச் செய்யலாகாது. 1933இல் பெல் ஆய்வுகூடத்துப் பிளெச்சரும் மன்சனும், சமமான உரப்பாகச் செவிக்குத் தோன்றும் ஒலிகள் உண்மையில் எத்துணை வேறுபட்ட வலுவுடையன என்பதை அளந்தனர். பிற்கால அளவீடுகளின்படி 1,000 ஹேர்ட்ஸிலே 40 தெசிபெல் வலுவுள்ள மெல்லொலிக்குச் சமமாகத் தோன்றவேண்டுமாயின் 50 ஹேர்ட்ஸ் ஒலிக்கு ஏறத்தாழ 78 தெசிபெல் வேண்டும், இடைவெளி 38. உரத்த 80 தெசிபெல் ஒலிக்கோ 102 தெசிபெல் போதும், இடைவெளி 22. ஒலியை உயர்த்துந்தோறும் பேஸ் தானே நிறைவதுபோலத் தோன்றுவது இதனால். நள்ளிரவிலே உச்சத்தில் வைத்துக் கலந்த பாட்டு மறுநாள் மெல்லொலியில் எலும்பும் தோலுமாய் நிற்பதும் இதனாலேயே. அன்றியும், இரு திருத்தங்களை ஒப்பிடும்போது சற்று உரத்தது எதுவோ அதுவே சிறந்ததெனச் செவி தீர்ப்பளித்துவிடும். புதிதாக ஒரு கருவியை இட்டவுடன் இசை சிறந்துவிட்டதாகத் தோன்றினால், அக்கருவி உரப்பைக் கூட்டியுள்ளதா என முதலிற் பார்த்து, இரண்டையும் சம உரப்பிலே வைத்து ஒப்பிடுக. விளம்பரங்களிற் புகழப்படும் கருவிகள் பல இத்தேர்விலே தோற்றுவிடும். வல்லுநர் படைப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோரும் அதன் உரப்பைத் தமது அளவுக்கு இறக்கிக்கொண்டே ஒப்பிடல் வேண்டும்.

செவி நேர்மையாய் இருப்பினும் அறை பொய்சொல்லும். ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 345 மீற்றர். எதிரெதிரான இரு சுவர்களுக்கு இடையே 4 மீற்றர் உள்ள அறையிலே அரை அலைநீளம் 4 மீற்றராகும் ஒலி, அஃதாவது ஏறத்தாழ 43 ஹேர்ட்ஸ், நின்ற அலையாகின்றது. சுவரோரத்திலே அழுக்கத்தின் முரண்கணுவும் அறையின் நடுவிலே கணுவும் அமையும். நடுவிலே கதிரை போட்டு அமர்ந்தவனுக்கு அக்கீழ்ச்சுரம் கேளாது. கேளாமையால் அதனை உயர்த்துவான். அதே பாட்டைச் சுவரோரத்தில் நின்று கேட்கும் அவன் தம்பிக்கு அது இடிமுழக்கம். உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் கற்போர் இதனைத் தம் அறையிலேயே பரிசோதிக்கலாம்: கணினியில் 43 ஹேர்ட்ஸ் ஒலியை எழுப்பி, அறையின் நீளப்பாட்டில் மெல்ல நடந்து பார்க்க. ஒலிபெருக்கி மிகச் சிறியதாயின் அச்சுரம் எழாது. அறை சிறியதாயின் கணக்கிலே மீடிறன் உயரும். கதிரையை நடுவிலிருந்து முன்னே நகர்த்துதற்குச் செலவில்லை. புத்தக அலுமாரியும் தடித்த திரைச்சீலையும் மேற்சுரங்களின் எதிரொலியைக் குறைக்குமேயன்றிக் கீழ்ச்சுரத்தைத் தொடமாட்டா. ஹெட்போன் அறையின் பொய்யை நீக்கும். ஆயின் இடவலப் பிரிவை மிகைப்படுத்தும்.

இந்த இடவலப் பிரிவிலும் ஒரு பொறி உண்டு. ஒலியை அகலமாக்கும் கருவிகள் பல, இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இடையே அவத்தை வேறுபாட்டை உண்டாக்கியே அதனைச் செய்கின்றன. இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி ஒலிக்கும் இடத்தில், எதிர் அவத்தையிலுள்ள பகுதிகள் அழிந்துபோம். நடனமண்டபங்கள் பலவற்றில் ஒலிபெருக்கிகள் அவ்வாறு ஒன்றாக்கியே இணைக்கப்படுகின்றன. வீட்டிலே கடல்போல விரிந்த பேஸ் மண்டபத்திலே மறைந்துவிட்டால் ஆடுவோர் நின்றுவிடுவர். 1958 முதல் விற்பனைக்கு வந்த இருபக்க இசைத்தட்டுகளில் இச்சிக்கல் கண்கூடாகவே தெரிந்தது: எதிர் அவத்தைக் கீழ்ச்சுரம் தவாளிப்பை மேலுங்கீழுமாக வெட்டச் செய்யும், ஊசி துள்ளி வெளியேறும். ஆதலால் தட்டு வெட்டுவோர் கீழ்ச்சுரங்களை நடுவிலே நிறுத்தினர். தட்டு இன்றியும் அவ்வழக்கம் கைக்கொள்ளத்தக்கதே. ஏறத்தாழ 120 ஹேர்ட்ஸுக்குக் கீழே எதுவும் நடுவை விட்டு அகலாதிருத்தல் நன்று. பாட்டு முழுவதையும் அவ்வப்போது ஒற்றைப்பக்க ஒலியாக்கிக் கேட்டு, எது காணாமற்போகின்றது எனப் பார்க்க.

மண்டபத்துக்கு நேர்மாறு கைத்தொலைபேசி. அதன் ஒலிபெருக்கி சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே பெரிதும் வலுவிழந்தது. அதிலே பேஸ் கேட்கவேண்டுமென்பது பேராசை எனத் தோன்றும். ஆயினும் வழி உண்டு. பழைய தொலைபேசிக் கம்பிகள் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றைக் கடத்தவில்லை. ஆடவர் குரலின் அடிப்படைச் சுரம் 100 முதல் 120 ஹேர்ட்ஸ் அளவினது. எனினும் மறுமுனையிலே பேசுபவர் தந்தையார் என்பதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. மேற்றொனிகளின் இடைவெளியைக் கொண்டு இல்லாத அடிப்படைச் சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கின்றது. 220, 330, 440, 550 ஹேர்ட்ஸ் ஒருங்கு கேட்கும்போது 110 ஹேர்ட்ஸ் சுரமே உணரப்படும். பேசிலே சிறிதளவு திரிபை வேண்டுமென்றே சேர்த்தால் இம்மேற்றொனிகள் பிறக்கும். வரம்பு கடந்த திரிபு இழிந்தது எனச் சற்று முன்னர்க் கூறிய நான் இங்கே திரிபைப் பரிந்துரைப்பது முரண்போலத் தோன்றலாம். உப்பும் அவ்வாறே. இத்தகைய எளிய ஒலிபெருக்கிகளைப் பெரிய கூடங்களும் இகழ்ந்ததில்லை. யமஹா நிறுவனம் 1978இல் வீட்டுப் பாவனைக்கென வெளியிட்ட என்.எஸ். 10 என்னும் கீழ்ச்சுரம் குறைந்த பெட்டி, கலவையின் குறைகளைக் காட்டிக்கொடுப்பதற்காகவே உலகெங்கும் ஒலிப்பதிவுக்கூடங்களிற் பல்லாண்டு வைக்கப்பட்டிருந்தது.

இறுதியாக உரப்பு. பாட்டு முடிந்ததும் லிமிற்றர் என்னும் கருவியால் அதனை நசுக்கி, எத்துணை உரத்ததாக்கலாமோ அத்துணை உரத்ததாக்கும் வழக்கம் பரவியுள்ளது. நசுக்குந்தோறும் கிக்கின் முனை மழுங்கும். இத்துணை நேரம் பாடுபட்டு உண்டாக்கிய இடைவெளிகள் தூர்ந்துபோம். பயனோ சிறிது. ஸ்பொற்றிபை முதலிய இணையவழி இசைச்சேவைகள் எல்லாப் பாட்டுகளையும் ஏறத்தாழ ஒரே உரப்புக்குக் கொண்டுவந்தே ஒலிபரப்புகின்றன. நசுக்கப்பட்ட பாட்டு அங்கே இறக்கப்படும். மழுங்கல் மாத்திரம் எஞ்சும். நடனமண்டபத்திற்கென அமைப்போர் சிறிது கூடுதலாக உரப்பூட்டுவர். தொடக்கநிலையாளருக்கு அந்த அவசரம் இல்லை.

உரப்புப் பற்றிய இவ்வாசையால் இசையினும் பெரிய ஒன்று அழிவதுண்டு. உட்செவியிலுள்ள மயிர்க்கலங்கள் ஒருமுறை இறந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. தொழிற்சாலைகளுக்கென அமெரிக்க நிறுவனம் ஒன்று வகுத்த அளவின்படி 85 தெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணிநேரம் கேட்கலாம்; மேலும் ஒவ்வொரு 3 தெசிபெல்லுக்கும் காலம் பாதியாகும். 88 தெசிபெல்லுக்கு 4 மணி. 100 தெசிபெல்லுக்கு 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசையரங்குகளுக்கு வகுத்த நியமமும் 15 நிமிடச் சராசரி 100 தெசிபெல்லைக் கடக்கலாகாது என்கின்றது. ஹெட்போனை உச்சத்தில் வைத்து விடியும்வரை கிக்கைத் திருத்தும் மாணவன் இக்கணக்கை எங்கே மீறினான் என்பதை அறியான். காதில் வலி இல்லாமையே இதன் கொடுமை. பக்கத்திலிருப்பவர் சாதாரணக் குரலிற் பேசினாற் கேட்கும் அளவே வேலைக்குப் போதுமானது. ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறை எழுந்து வெளியே சென்று வருக. கலவையைத் தீர்ப்பதற்கு மறுநாட் காலை, களைப்பு நீங்கிய செவியே உகந்தது. அப்பொழுது முதலிற் கை எந்தத் தடத்தைக் குறைக்கப் போகின்றதோ அதனைக் குறைத்துவிடலாம். காலையிலும் காதில் ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டிருக்குமாயின் அன்றைக்குக் கணினியைத் திறக்கவேண்டாம். அது நீடிக்குமாயின் வைத்தியரிடம் செல்க.